நம்ம ஆள்

பயிற்சி வகுப்பின் முதல் நாள், முதல் பாடம், ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

விமான நிறுவன அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்த நீண்ட அறையில், பயிற்சி தர வந்த அம்மையார் வெள்ளைப் பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். ‘நாம்’ என்பது ஒன்று. ‘நாங்கள்’ என்பது மற்றொன்று. எழுதி முடித்ததும் முதற்சொல்லின் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு கிழித்தார்.

“விமானம் விழுந்துடுச்சுன்னு வைங்க. மகனைப் பறிகொடுத்த அம்மா உங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட போய், ‘நாம பெரிய இழப்பைச் சந்திச்சிருக்கோம்’னு சொல்றீங்க. என்ன அர்த்தம்? பிள்ளையை இழந்தவங்களும் விமானத்தை இழந்தவங்களும் ஒரே வரிசைன்னு அர்த்தம். அந்த வரிசையில போய் நிக்காதீங்க. ‘நாங்க’ன்னு சொல்லுங்க. ‘நாங்க கம்பெனியிலேருந்து வந்திருக்கோம். நாங்க பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க.’ அவ்வளவுதான்.”

எதிரே இருந்தவர்கள் டிக்கெட் கொடுப்பவர்கள், சரக்கு ஏற்றுபவர்கள், கணக்கு எழுதுபவர்கள், உணவுத் தட்டு அடுக்குபவர்கள். தொண்ணூறு பேர். என்றேனும் ஒரு நாள் விமானம் விழுந்தால், இவர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குடும்பத்துக்குத் துணையாள் ஆக வேண்டும். வீட்டு வாசலில் போய் நின்று, முகம் பார்த்து, செய்தி சொல்ல வேண்டும். குடும்பத்தை அழைத்து வர வேண்டும். அழும்போது அருகில் இருக்க வேண்டும். கேட்கும்போது பதில் தேட வேண்டும். சவப்பெட்டியோ வெறும் காகிதமோ எது கையில் வந்தாலும், அது வரும்வரை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். ‘இறந்துவிட்டார்’ என்பதை ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்ல வேண்டும். ‘தொடர்பில் இல்லை’ என்றோ ‘நம்மிடையே இல்லை’ என்றோ வார்த்தைக்கு முக்காடு போடக் கூடாது.

இதையெல்லாம் அம்மையார் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் அவர் தம் கணவரை இழந்தார். அப்போது அவர் ஒரு மருத்துவமனையில் செவிலி. அந்த நிறுவனத்தின் தொலைபேசி பதினோரு மணி நேரம் ‘சற்றுப் பொறுங்கள்’ என்றே பாடிக்கொண்டிருந்தது. கணவரின் பெயரை அவர் படித்தது, வார்டுத் தொலைக்காட்சியின் அடியில் ஓடிய எழுத்து வரிசையில். ஒரு நோயாளியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது. “சிஸ்டர், கட்டு ரொம்ப இறுக்குது” என்று அந்த நோயாளி இரண்டு முறை சொன்னதும், அதைத் தளர்த்தி மறுபடி கட்டியதும் அவருக்கு நினைவிருக்கிறது. அதன்பின் எதுவும் நினைவில்லை. இனி ஒரு குடும்பமும் அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்த ஒன்றுக்காகத்தான் அவர் செவிலி வேலையை விட்டார். இந்த ஒன்றுக்காகத்தான் நிறுவனம் நிறுவனமாகப் படியேறினார்.

ஆண்டுக்கொரு முறை, விமான நிலையத்தை ஒட்டிய விடுதியின் கூடத்தில் ஒத்திகை நடக்கும். பாதிப் பேர் துணையாட்கள். மீதிப் பேர் பிணத்துக்கு உரியவர்களாய் நடிப்பவர்கள். நடிக்கச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பே வராத ஒரே ஆள், லக்கேஜ் பிரிவின் மேற்பார்வையாளர். பருத்த தோள், நரைத்த மீசை, இருபத்தாறு ஆண்டுச் சேவை. அவருக்கு எப்போதும் தந்தை வேடம். “எம் பொண்ணு எங்கய்யா?” என்று அவர் கூடத்துக்குள் நுழைந்தால், துணையாளாக நிற்பவர் மனப்பாடம் செய்த வாக்கியத்தை மறந்துவிடுவார். ஒரு முறை அவர் அழுத அழுகையில், காபி கொண்டுவந்தவர் ஒத்திகை என்பதை மறந்து தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு ‘அழுமூஞ்சி அண்ணன்’ என்று பெயர். பெல்ட்டில் பெட்டி தாமதமானால்கூட, “அண்ணன் இப்ப அழுதுடுவாரு, சீக்கிரம் தள்ளுங்கப்பா” என்று கிண்டல் செய்வார்கள்.

எப்படி இவ்வளவு எளிதாகக் கண்ணீர் வருகிறது என்று அம்மையார் ஒரு முறை கேட்டார். மேற்பார்வையாளர் வெட்கப்பட்டார். தம் ஒரே மகள் இதே நிறுவனத்தில் விமானப் பணிப்பெண் என்றும், முதல் நாள் சீருடை அணிந்து அவள் தம் எதிரே வந்து நின்றதை நினைத்தால் போதும், கண் தானாக நிரம்பிவிடும் என்றும் சொன்னார். “அது சந்தோஷத்துல வர்ற தண்ணி மேடம். இவனுங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

அந்தப் பதில்தான் அம்மையாரை ஓர் இரவு தூங்கவிடாமல் செய்தது. மறுநாள் கையேட்டை எடுத்துப் புரட்டினார். ‘குடும்பம் என்பது பயணியின் குடும்பம்’ என்று முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது. அப்படியானால் விமானி? பணிப்பெண்? வானத்தில் உணவு பரிமாறியவள் பூமியில் விழும்போது மட்டும் யாருக்கும் மகள் இல்லையா? பயணச்சீட்டு வாங்கிச் செத்தவனுக்குத் துணையாள் உண்டு. சம்பளம் வாங்கிச் செத்தவளுக்கு இல்லையா? ‘சிப்பந்திகளின் குடும்பமும்’ என்று இரண்டே சொல் சேர்க்கக் கேட்டு மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினார். மூன்றாம் முறை சட்ட அதிகாரி நேரில் அழைத்தார். கெட்ட மனிதர் அல்லர். தம் மேசை மீதிருந்த பிஸ்கட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் பேசினார்.

“அவங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்க மேடம். நம்ம ஆளுங்களை நாம பார்த்துக்க மாட்டோமா? இதையெல்லாம் புத்தகத்துல போட்டா, வீட்டுச் சாப்பாட்டுக்கு ரசீது கேட்ட மாதிரி இருக்கும்.”

பலகையில் கோடு கிழிக்கலாம். மேலதிகாரியின் வாயில் கோடு கிழிக்க முடியுமா? அம்மையார் எழுந்து வந்துவிட்டார்.

விமானம் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு. தரையிறங்க ஒன்பது நிமிடம் இருக்கையில், நிலையத்துக்கு வடக்கே உள்ள கற்குன்றில். நூற்று நாற்பத்தொரு பயணிகள். ஆறு சிப்பந்திகள். ஒருவரும் பிழைக்கவில்லை.

பத்து மணிக்குள் நிலையத்தை ஒட்டிய விடுதியின் பெரிய கூடம் திறக்கப்பட்டது. நாற்காலிகள் வட்டம் வட்டமாகப் போடப்பட்டன. பத்திரிகைக்காரர்கள் நுழையாதபடி கண்ணாடிக் கதவுகளில் காகிதம் ஒட்டப்பட்டது. அக்கம்பக்க ஊர்களில் இருந்த குடும்பங்களின் வீடுகளுக்கு மஞ்சள் மேற்சட்டை அணிந்த துணையாட்கள் இரண்டிரண்டு பேராகக் கார்களில் விரைந்தார்கள். உறவினரை வரவேற்க நிலையத்துக்கே வந்திருந்தவர்களைக் கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. யாரும் ‘நாம்’ என்று சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மையாருக்கு, அந்த நிலையிலும், ஒரு கணம் பெருமிதம் போன்ற ஏதோ ஒன்று நெஞ்சில் எழுந்தது. அதற்காக அவர் பின்னால் தம்மையே பலமுறை சபித்துக்கொண்டார்.

அந்தக் கணத்தில்தான் மேற்பார்வையாளர் வந்தார்.

அந்த விமானத்தின் பெட்டிகள் வர வேண்டியது மூன்றாம் பெல்ட்டுக்கு. எட்டரை மணிக்கே தம் ஆட்களோடு அங்கே நின்றவர் அவர். பலகையில் ‘தாமதம்’ என்று வந்தது. பிறகு அந்த வரியே மறைந்தது. பிறகு யாரோ ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தினார்கள். அங்கிருந்து விடுதிவரை அவர் எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கலைந்த தலை, திறந்த வாய், தாரை தாரையாய்க் கண்ணீர். கூடத்து வாசலில் அம்மையாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “எம் பொண்ணு... மேடம், எம் பொண்ணு...” என்றார்.

அதே மீசை. அதே குரல். அதே வார்த்தை. மூன்று ஆண்டுகளாக ஒத்திகைதோறும் அதே வாசலில் கேட்ட அதே விம்மல்.

“அண்ணே,” என்றார் அம்மையார், தாழ்ந்த குரலில், அவசரமாக. “அழாதீங்க. இன்னிக்கு ஒத்திகை இல்ல. நிஜம்.”

சொல்லிவிட்டு, பக்கத்து மேசையிலிருந்து ஒரு மஞ்சள் மேற்சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தார். ஆள் போதவில்லை, உள்ளே தண்ணீர் கொடுங்கள் என்றார். அதற்குள் இரண்டு கார்கள் வந்து நின்றன. அம்மையார் திரும்பிவிட்டார்.

மேற்பார்வையாளர் அந்தச் சட்டையைப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளாக நிறுவனம் எதைக் கையில் கொடுத்தாலும் அதைச் செய்தே பழகிய கை அது. நெஞ்சு மறுத்திருக்கலாம், கை மறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டார். உள்ளே போனார்.

இதை எந்த வகையில் சேர்ப்பது? கொடுமை என்பதா? கொடுமை செய்ய ஒருவர் வேண்டும். இங்கே எவரும் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. பயிற்சி தந்தவர் திறமையாகத் தந்தார்; நடித்தவர் திறமையாக நடித்தார். அந்த இரு திறமைகளும் கைகோத்து ஒரு தகப்பனின் வாயைப் பொத்தின.

ஒரு மணி நேரம் கழித்து, நான்காம் வட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் அவர் புட்டியின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்காகக் காத்திருந்த அந்த அம்மாள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு ஆள் யாரேனும் அதில் ஏறினார்களா என்று கேட்டார். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு பயிற்சி பெற்றவர்களில், அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் எழுத்தறியாத தாய்க்குத்தான் தோன்றியது.

“எம் மக,” என்றார் அவர். “ஏறினாளான்னு தெரியலம்மா. டூட்டி மாத்திக்குவேன்னு நேத்துச் சொன்னா.”

பின்னால் நின்ற அம்மையாரின் கையிலிருந்த பயணிகள் பட்டியல் கீழே விழுந்தது.

அம்மையார் அவரைச் சமையலறைப் பக்கமிருந்த சிறு அறைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மேற்பார்வையாளரோ அவரைக் குற்றம் சொல்லும் நிலையில் இல்லை. அவர் முழுவதும் ஒரே கணக்கில் மூழ்கியிருந்தார்: மகள் அந்த விமானத்தில் இருந்தாளா, இல்லையா? நேற்று மாலை தோழியோடு முறை மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள். மாற்றிக்கொண்டாளா? செல்பேசி அணைந்திருக்கிறது. அணைந்திருப்பதாலேயே ஆகாயத்தில் இருந்தாள் என்று ஆகிவிடுமா? தூங்கும்போதும் அணைத்துவைப்பாளே. சிப்பந்திகள் பட்டியலை ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள், அது போதும் என்று கைகூப்பினார்.

பட்டியல் சட்ட அதிகாரியிடம் இருந்தது. விடுதியின் முதல் மாடியில் ஓர் அறையை அலுவலகமாக்கி, மூன்று தொலைபேசிகளோடு அவர் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கப் படியேறி வந்த அம்மையார் விவரம் சொன்னார். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். அந்த மேற்பார்வையாளரை அவருக்கும் தெரியும், ஒத்திகையில் கைதட்டியிருக்கிறார்.

“பட்டியல்ல அந்தப் பொண்ணு இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

“சிப்பந்திகள் பெயரை இப்ப வெளியிட முடியாது மேடம். விமானி தப்பா, இயந்திரம் தப்பான்னு இன்னும் ஒன்னும் தெரியல. நாளைக்கு விசாரணையில அவங்க எந்தப் பக்கம் நிப்பாங்களோ. மேலிடத்துலேருந்து சொல்ற வரைக்கும் என் கை கட்டியிருக்கு.”

“அவங்க எந்தப் பக்கமும் நிக்கப் போறதில்ல சார். செத்துட்டாங்க.”

அதிகாரி ஒலித்துக்கொண்டிருந்த தொலைபேசி ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாகவே நினைத்துச் சொன்னார்: “அவர் நம்ம ஆள்தானே. சொன்னா புரிஞ்சுக்குவாரு. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

நம்ம ஆள்! உரிமை கொடுக்க வேண்டிய இடத்தில் உறவு கொடுப்பவர்களின் சொல் அது. கூலி கேட்டால் நம்ம ஆள். ஓய்வு கேட்டால் நம்ம ஆள். செத்த மகளின் பெயரைக் கேட்டாலும் நம்ம ஆள். அந்நியனுக்கு அஞ்சிப் பதில் சொல்கிறவன், நம்மவனை அணைத்துக்கொண்டே ஏமாற்றுகிறான். அந்த அணைப்பில் மூச்சு முட்டிச் செத்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது.

அம்மையார் கீழே வந்து, இன்னும் தெரியவில்லை என்றார். தம் வாழ்நாளில் ஒரு குடும்பத்திடமும் சொல்லக் கூடாது என்று சபதம் செய்திருந்த வாக்கியம் அது. மேற்பார்வையாளர் தலையசைத்தார். சும்மா உட்கார முடியவில்லை என்று எழுந்து, மறுபடியும் புட்டிப் பெட்டியைத் தூக்கினார். இங்கே இருந்தால்தான் பட்டியல் வரும்போது உடனே தெரியும் என்றார். பதினொன்றே காலுக்கு அவர் செல்பேசி ஒலித்தது. மனைவி. மீண்டும் ஒலித்தது. திரையில் அந்த அழைப்பு துடித்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார், எடுக்கவில்லை. என்ன சொல்வது? வீட்டில் உட்கார்ந்து துணி தைப்பவள். தையல் இயந்திரம் ஓடும்போது தொலைக்காட்சி போடமாட்டாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. தெரியாமல் இருக்கும்வரை அவளுக்கு மகள் இருக்கிறாள். அந்தச் சில மணி நேரத்தையாவது அவளிடமிருந்து நான் ஏன் பறிக்க வேண்டும் என்று அம்மையாரிடம் கேட்டார்.

மதியம் கழிந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சிறு அறைகளுக்கு அழைக்கப்பட்டன. துணையாட்கள் முறைப்படி முகம் பார்த்துச் சொன்னார்கள். அறைகளிலிருந்து எழுந்த ஓலம் ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் வெளியில் நின்று கேட்டார். ஒவ்வொன்று முடிந்ததும் தண்ணீர் கொண்டுபோனார். நூற்று நாற்பத்தொரு பெயருக்கும் ஏதோ ஒரு துணையாள் கிடைத்தார். கிடைக்காத ஒருவர் நூற்று நாற்பத்தொரு குடும்பத்துக்கும் தண்ணீர் கொடுத்தார்.

மூன்று மணிக்கு மேலிடம் கண் திறந்தது. சட்ட அதிகாரி தாமே இறங்கி வந்தார். ஒரு மடித்த தாளை அம்மையாரின் கையில் கொடுத்தார். மேற்பார்வையாளர் நின்ற பக்கம் பார்க்காமல் மாடியேறிவிட்டார். தாளில் ஆறு பெயர்கள். ஐந்தாவது பெயர் அவருடைய மகள்.

அம்மையார் அவரைச் சிறு அறையில் உட்காரவைத்தார். எதிரே உட்கார்ந்தார். தொண்ணூறு பேருக்குக் கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார். கைகள் தெரியும்படி மடியில்; கண் கண்ணோடு; குரல் தாழ்ந்து.

“அண்ணே. உங்க மகள் அந்த விமானத்துல இருந்தாங்க. இறந்துட்டாங்க.”

அவர் அழவில்லை. ஒத்திகையில் இந்த வாக்கியத்துக்குத்தான் அவர் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுவார். இப்போது, ஏதோ பெட்டியின் எடையைக் கேட்டுக்கொள்பவர்போல, “சரிங்க” என்றார். பிறகு, தரையைப் பார்த்தபடி, ஒன்றே ஒன்று கேட்டார்.

“எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்புனீங்களே மேடம். எங்க வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்புங்க. வீட்ல அவகிட்ட என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்? பொண்ணை அந்த வேலைக்குப் போகச் சொன்னதே நான். அவ அம்மாதான் வேணாம் வேணாம்னு சொன்னா. நம்ம கம்பெனிதானே, பயப்படாதேன்னு நான்தான் சொன்னேன்.”

அனுப்ப ஆள் இல்லை. தொண்ணூறு பேரும் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு அறைகளில் இருந்தார்கள். சிப்பந்திகளின் குடும்பங்களுக்குப் பணியாளர் பிரிவிலிருந்து நாளைக் காலை கடிதம் போகும் என்று மாடியிலிருந்து தகவல் வந்தது. கடிதம்! அம்மையார் தம் இடத்தில் வேறொருவரை நிறுத்தினார். கூடத்தை விட்டுப் போகக் கூடாது என்று தொலைபேசியில் சட்ட அதிகாரி சொன்னதைக் கேட்டுக்கொண்டே போய்க் காரில் ஏறினார். சொல்லும் பாரத்தையாவது இந்த மனிதரின் நாவிலிருந்து இறக்கிவைக்க வேண்டும். இனித் தம்மால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அவர் கணக்கிட்டார்.

மேற்பார்வையாளர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரே ஒரு முறை, மனைவி எதைக் கேட்டாலும் நீங்களே பதில் சொல்லுங்கள் மேடம் என்று அவர் சொன்னார். அம்மையார் ஒப்புக்கொண்டார்.

வீடு ஒரு குறுகிய தெருவின் நடுவில். முன்கதவு திறந்தே கிடந்தது. மேசைமீது பாதி தைத்த நீலத் துணி ஊசியில் மாட்டியபடி இருந்தது. சுவரில் வரிசையாகப் படங்கள். நடுவில் மட்டும் ஓர் ஆணியும், அதைச் சுற்றி வெயில் படாத சுண்ணாம்பின் வெளிர்ந்த சதுரமும். அவர் மனைவி அந்தச் சதுரத்தின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் உலர்ந்திருந்தது. அம்மையாருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. தமக்கு முன்பே யாரோ இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் மாடியில் பூட்டிக் கிடந்த பட்டியல் பதினோரு மணிக்கே பத்திரிகைகளின் கையில் இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் மறைத்தார்கள். மறைக்க வேண்டியவரிடம் மறைக்கவில்லை.

அவள் கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

“பத்திரிகையிலேருந்து ஒருத்தர் வந்தாரு. உங்க பொண்ணு படம் ஒன்னு வேணும், நாளைக்குப் பேப்பர்ல போடணும்னு கேட்டாரு. நான் பரிசு கிரிசு ஏதோ வாங்கியிருக்கான்னு நெனச்சேன். உட்காருங்க தம்பின்னு சொல்லி, காபி போட்டுக் கொடுத்தேன். எந்தப் படம் கொடுக்கிறதுன்னு தெரியல. சீருடை போட்டதா, வீட்ல எடுத்ததான்னு உங்களைக் கேட்கத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. நானா பார்த்து, நல்லாச் சிரிச்சிருக்கிற படமாக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, ‘ரொம்ப வருந்துறேம்மா’ன்னு சொன்னாரு.”

மேற்பார்வையாளரின் உதடு அசைந்தது. அம்மையார் ஓரடி முன்னால் வந்தார். தாம் நிறுவனத்திலிருந்து வந்திருப்பதாகத் தொடங்கினார்.

“கம்பெனியிலேருந்தா,” என்றாள் அவள். அப்போதுதான் கணவரின் மேற்சட்டையைப் பார்த்தாள். அந்த மஞ்சள் நிறத்தையும், நெஞ்சில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயரையும், மார்பில் தெறித்துக் காய்ந்திருந்த தண்ணீர்க் கறைகளையும் நிதானமாகப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலையில... ஒன்பது மணிக்கு... ஆனா நிச்சயமாத் தெரியாது...”

“இப்ப நாலு மணி. இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?”

“அங்க... தண்ணி கொடுத்துக்கிட்டு...”

“யாருக்கு?”

அவர் அம்மையாரின் பக்கம் திரும்பினார். அம்மையார் பதில் சொல்ல முயன்றார். தவறு தம்முடையது என்றார். சட்டையை மாட்டிவிட்டது தாம்தான் என்றார். அவர் மகளுக்காகத்தான் அங்கே நின்றார் என்றார். எல்லாம் உண்மை. எல்லாம் அந்த அறையில் உதிர்ந்த நூல் துண்டுகளைப்போல் விழுந்தன, யாரும் பொறுக்கவில்லை. அவள் எழுந்தாள். இருவரையும் வாசலுக்கு வெளியே போகும்படி கையால் காட்டினாள். தள்ளவில்லை, திட்டவில்லை. கட்டளைக்குப் பழகிய மனிதர் இதற்கும் கீழ்ப்படிந்தார். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழும் ஓசை கேட்டது.

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அம்மையார் கதவருகே குனிந்து, அதிகாரபூர்வமாகச் சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லத் தாம் வந்திருப்பதாக, எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னார்.

“நீங்க சொல்ல வேணாம்மா,” என்றது உள்ளிருந்து குரல். மிக அருகில், மரத்தில் வாய் வைத்துப் பேசுவதுபோல். “அந்தத் தம்பி வருந்துறேன்னுதான் சொன்னாரு. என்ன ஆச்சுன்னு இன்னும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அவரைச் சொல்லச் சொல்லுங்க. அவளுக்கு அப்பா அவர்தானே.”

எந்த ஒரு பாரத்தை இறக்கிவைக்க அவ்வளவு தூரம் வந்தார்களோ, அந்தப் பாரம் கதவின் மறுபக்கத்திலிருந்து அவர் தலைமேலேயே வந்து இறங்கியது. அம்மையார் அவரைப் பார்த்தார். துணையாளுக்குச் சொல்லித்தர அவரிடம் ஆயிரம் வாக்கியங்கள் இருந்தன. தகப்பனுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

மேற்பார்வையாளர் கதவில் நெற்றியை வைத்தார். 

“சொல்லுங்க,” என்றாள் உள்ளிருந்து.

அவர் மகளின் பெயரை மட்டும் சொன்னார். அதற்கடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் பெயரைச் சொன்னார். மறுபடியும் அங்கேயே நின்றார். உள்ளே அவள் காத்துக்கொண்டிருந்தாள்.